அம்பாசடரின் பங்காளி

டிட்காட்,
இங்கிலாந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

நான் கார் வாங்கிய சேதி கேட்டு அத்தை பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தார்களாம். மறுநாள் போட்டோ வந்து சேர்ந்ததும், "இதுக்கா உடைச்சேன்?" என்று கேட்டார்களாம். அம்மா போனில் சொல்லிச் சிரித்தாள். அத்தை கேட்டது நியாயம்தான். போட்டோவில் இருந்தது காரின் முக்கால் பாகம். மீதி அட்டைப் பெட்டியிலும் ஐஸ்கிரீம் டப்பாக்களிலும் இருக்கிறது, கொஞ்சம் கட்டிலுக்கு அடியிலும் இருக்கிறது. கட்டில் விஷயம் சுமதிக்கு இன்னும் தெரியாது. இந்தப் பாராவை மட்டும் அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

காரின் பெயர் எம்.ஜி.பி. "எம்.ஜி. சரி, ஆர் எங்கேடா?" என்று கேட்டீர்களே, அது வேறு எம்.ஜி. இது மாரிஸ் கராஜஸ். வில்லியம் மாரிஸ் என்பவர் ஆக்ஸ்போர்டில் அப்பா அம்மா இருந்த வீட்டிலேயே சைக்கிள் ரிப்பேர் பார்த்து, அப்படியே கார் கம்பெனி வரைக்கும் போனவர். நீங்களும் சைக்கிள் கடையில் ஆரம்பித்தவர்தான். அவருக்கு இந்த ஊர் ராஜா பிரபு பட்டம் கொடுத்தார். உங்களுக்குக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு வாசலில் டாக்ஸி ஸ்டாண்டு கிடைத்தது.

இனிமேல் சொல்வதை உட்கார்ந்து படியுங்கள். அந்த மாரிஸ் கம்பெனியின் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸ்தான் உத்தர்பாரா போய் அம்பாசடர் ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வண்டியில் இருந்த 1489 சிசி எஞ்சினும் இவர்களுடையதுதான், பி சீரிஸ் என்று பெயர். அதே எஞ்சினில் ஸ்ட்ரோக்கை 89 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டு, போரை மட்டும் 73லிருந்து 80 மில்லிமீட்டருக்குப் பெருக்கினால் 1798 சிசி. அதுதான் எம்.ஜி.பி. ஃபயரிங் ஆர்டர்கூட அதே ஒண்ணு மூணு நாலு ரெண்டு. ஆகவே பங்காளிகள். ஒருவன் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் மாப்பிள்ளை அழைப்பிலும் உழைத்து 2014இல் ஓய்ந்தான். இன்னொருவன் கூரையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரெண்டே சீட்டோடு கடற்கரையைச் சுற்றினான். எந்தப் பங்காளி வீட்டில்தான் இந்தக் கதை இல்லை?

எம்.ஜி.பியை 1962இலிருந்து 1980 அக்டோபர் வரை எங்கள் பக்கத்து ஊரான அபிங்டனில் பூட்டினார்கள். பூட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எஞ்சினும் பாடியும் வேறு ஊர்களிலிருந்து வரும், அங்கே சேர்ப்பார்கள். கூரை வைத்த ரகத்தையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் செய்து, பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். என்னுடையது 1972. நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் முப்பது வருஷமாக நின்றது. அந்த வீட்டுப் பெரியவர் "அடுத்த கோடைக்கு ரெடி பண்ணிவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த நாட்டில் கார் ஷெட்டு என்பது காரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வைக்கிற இடம். புல் வெட்டும் மெஷின், பழைய மெத்தை, கிறிஸ்துமஸ் மரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகுதான் உள்ளே கார் இருப்பதே தெரிந்தது. அந்தம்மாள் காசை எண்ணி வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நம் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பார்க்கிற பார்வை இல்லை, கட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்து இரக்கப்படுகிற பார்வை.

எஞ்சின் சுலபம். நீங்கள் சொன்ன மாதிரியே பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நாள் கணக்காக ஊறவிட்டுப் பல் சக்கரத்தில் கம்பி கொடுத்து அசைத்தேன். அசைந்தது. அரை இஞ்சு, ஒன்பது பதினாறு ஸ்பானரெல்லாம் உங்கள் டூல் பாக்ஸில் இருக்கிற அதே அளவுகள்தான். இங்கே புதுக் கடையில் மில்லிமீட்டர் ஸ்பானராகத் தொங்குகிறது, இஞ்சு ஸ்பானர் கேட்டால் கடைப் பையன் தாத்தாவைக் கூப்பிடப் போகிறான்.

எமன் இருந்தது தகரத்தில். இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸி கிடையாது. கூரையும் இல்லை. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டித் தகரம் இருக்கிறதே, சில் என்கிறார்கள், மொத்தக் காரையும் அதுதான் தாங்குகிறது. பார்த்தால் பளபள என்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஸ்க்ரூ டிரைவரை அதன் மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. உள்ளே இருந்தது பட்டி. பட்டியைப் பெயர்த்தால் ஃபைபர். ஃபைபரைக் கிழித்தால், சுருட்டித் திணித்த செய்தித்தாள். தேதி 1987. ஆக முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்தக் காரைத் தாங்கி நின்றது கால்பந்துப் பக்கம். நம் ஊர் டிங்கர் கடை பாய் பட்டி பார்ப்பதில் கெட்டிக்காரர் என்பீர்களே, அவரும் பேப்பர் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

துரு ஏன் இப்படி என்றால், உப்பு. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க லாரி லாரியாக உப்புக் கொட்டுகிறார்கள். செஷயர் பக்கம் வின்ஸ்ஃபோர்டில் பூமிக்கு அடியில் சுரங்கம் வெட்டி உப்பு எடுத்து, அதைக் கொண்டுவந்து ரோட்டில் போடுகிறார்கள். வேதாரண்யத்து உப்பளக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார். போதாததற்குக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற காற்றுச் சல்லடை வழியாக மழைத் தண்ணீர் இறங்க ஒரு ரப்பர் குழாய் வைத்திருக்கிறார்கள். அதை இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள்ளே வந்துவிடும். வண்டிக்குள் மழை, வண்டிக்குக் கீழே உப்பு. பாடி என்ன செய்யும், பாவம்!

ஊரில் என்றால் டிங்கரிடம் விட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்திருப்போம். இங்கே அந்த மனிதர் மணிக்கு எழுபது பவுண்டு கேட்டார். அந்தக் கணக்கில் எத்தனை மணி நேரம் ஆகும் என்றதற்கு வானத்தைப் பார்த்தார். அதனால்தான் இங்கே டாக்டரும் வாத்தியாரும் சனிக்கிழமையானால் வெல்டர் ஆகிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முகமூடி மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்து வெல்டிங் வைக்கிறார். கூலி, சுமதி சுடுகிற மெதுவடை. தகரத்தை வெட்டுவதற்கு முன்னால் கதவுத் துவாரத்தில் குறுக்கே இரும்புப் பட்டையை வெல்ட் வைத்துப் பிடித்துவிட வேண்டுமாம். பிடிக்காமல் வெட்டினால் கார் நடுவில் மடிந்து, ஆயுசுக்கும் கதவு மூடாது. ஆகவே எங்கள் வீட்டு வாசலில் கொஞ்ச காலம் ஒரு கார் இருபுறமும் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. தபால்காரர் தினமும் விசாரித்துவிட்டுப் போனார்.

விசாரிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எதிர் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை "குளிராக இருக்கிறது" என்பார், அத்தோடு சரி. வாசலில் எம்.ஜி.பியை இழுத்து நிறுத்திய பிறகு அறுபது வயது தாண்டிய எந்த ஆணும் பேசாமல் தாண்டுவதில்லை. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நானும் ஒன்று வைத்திருந்தேன். விற்றிருக்கவே கூடாது." ஏன் விற்றீர்கள் என்றால், குழந்தை பிறந்தது என்பார்கள். அந்தக் குழந்தை சில சமயம் நாற்பது வயதில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அதன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

சரி, உங்கள் புகழைப் பற்றி எழுதுகிறேன். எஞ்சின் கிளம்பிய அன்று ஐடிலிங் நிற்கவில்லை அல்லவா? ஏறுகிறது, இறங்குகிறது, அணைகிறது. இரட்டைக் கார்புரேட்டர். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி சீறுகிறதா என்று கேட்டு ட்யூன் பண்ண வேண்டும். இங்கே இருக்கிற பழைய கார் கிளப்பிலிருந்து மூன்று பெரியவர்கள் வந்து கேட்டார்கள். ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டர் என்றார். ஒருவர், 2021இலிருந்து பங்குகளில் வருகிற பத்து சத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றார். மூன்றாமவர் முதல் இருவரும் தப்பு என்றார். நான் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அடித்துப் போனை எஞ்சின் பக்கம் நீட்டினேன். நீங்கள் முதலில் சொன்னது, "அந்த ஃபேனை ஆஃப் பண்ணு." எங்களுக்கு இல்லை, அத்தைக்கு. ஃபேன் நின்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "முன்னாடி கார்புரேட்டர். காத்து இழுக்குது. ஸ்பிண்டில் தேஞ்சு போச்சு. அது ஓரத்துல ஏதாவது ஸ்ப்ரே அடிச்சுப் பாரு, சத்தம் மாறும்."

அடித்தோம். மாறியது.

அந்த மூன்று பேரும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். வெயிலுக்கா, உங்களுக்கா என்று நான் கேட்கவில்லை. இப்போது உங்கள் பெயர் இங்கே "கும்பகோணம் ஸ்பெஷலிஸ்ட்". போன வாரம் ஒருவர் தன் காரின் சத்தத்தைப் பதிவு செய்து எனக்கு அனுப்பி, "உங்கள் மாமாவுக்கு நேரமிருந்தால்" என்று எழுதியிருக்கிறார். கன்சல்டேஷன் ஃபீஸ் வாங்கலாமா என்று யோசியுங்கள்.

வயரிங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மின்சாரச் சாமான் செய்த லூகாஸ் கம்பெனியை இங்கே கேலி செய்யாத ஆள் கிடையாது, "இருட்டின் இளவரசர்" என்பார்கள். சென்னை பாடியில் செய்கிற லூகாஸ் டிவிஎஸ் சாமானைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிற உங்களிடம் இதைச் சொல்லவே பயம். நம் வண்டியில் லூகாஸ் மேல் குற்றமில்லை, வயரைத் தின்றது எலி.

கூரையைப் பற்றிச் சுமதியின் கருத்து: "ஊர்ல மாட்டுக் கொட்டகைக்குக்கூடக் கூரை போடறோம்." இதற்கு வினைல் துணிக் கூரை உண்டு, பின்னால் பிளாஸ்டிக் ஜன்னல். குளிரில் மடித்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். குளிரும் ஈரமும் இல்லாத நாள் இங்கே வரும்போது எல்லோரும் ஆபீஸில் இருப்பார்கள். ஆனாலும் சூரியன் தலை காட்டினால் கூரையை இறக்கியே ஆக வேண்டும், அது மரியாதை. பத்து டிகிரியில் கூரையை இறக்கி, கம்பளித் தொப்பி போட்டு, ஹீட்டரைக் காலுக்கு வைத்துக்கொண்டு, பல் கிட்டிக்கச் சிரித்தபடி போகிறார்கள். நானும் போகிறேன். குரங்குக் குல்லாவில் எடுத்த போட்டோவைத் தனியாக அனுப்புகிறேன்.

சர்க்கார் ஒரு விஷயத்தில் தாராளம். 40 வருஷம் தாண்டிய வண்டிக்கு ரோடு வரி கிடையாது, 2018இலிருந்து வருஷாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. என் 2012 டீசல் வண்டியை லண்டனுக்குள் எடுத்துப் போனால் புகைக்காக நாளுக்குப் பன்னிரண்டரைப் பவுண்டு. இந்தக் கிழம் புகைவிட்டுக்கொண்டே இலவசமாகப் போகலாம்.

ஜூனில் நீங்கள் வரும்போது ஒரே ஒரு சாமான் வேண்டும். திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை. இங்கே கை துடைக்க நீலக் காகிதச் சுருள் விற்கிறார்கள். கிரீஸ் பட்டதும் கிழிந்து விரலோடு ஒட்டிக்கொள்கிறது. அத்தை முறுக்கும் கட்டுவார்கள். ஏர்போர்ட்டில் எடை மிஞ்சினால் எதை எடுத்து வெளியே வைப்பது என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

அன்புள்ள மருமகன்,
சேகர்

பி.கு.: உங்கள் லைசென்ஸ் இங்கே ஒரு வருஷம் செல்லும். கியரும் ஸ்டீயரிங்கும் நம் ஊர் மாதிரியே இருக்கிற பக்கம்தான். அதனால் நீங்கள் ஓட்ட இன்ஷூரன்ஸில் பெயர் சேர்க்கலாமா என்று கேட்டேன். அனுபவம் எவ்வளவு என்றார்கள், முப்பது வருஷத்துக்கு மேல் அம்பாசடர் டாக்ஸி என்றேன். அந்தப் பெண் சற்று மரியாதையாகவே பேசினாள். விபத்து ஏதாவது உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. சுவாமிமலை ரோட்டு எருமை அதில் வருமா வராதா, யார் யாரை இடித்தது என்பதை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள்.