ஸ்டிக்கர் ஒட்டுனா வண்டி ஓடாது மாப்ளே

காரு இன்னும் வாங்கல, அதுக்குள்ள பானெட்டுல ஒட்டற ஸ்டிக்கர் வாங்கி வெச்சிருக்கறயாமே மாப்ளே? உங்கம்மா போன் போட்டுச் சொன்னா. "அண்ணா, பையன் ரேஸுக்குப் போறானாமா, நீங்கதான் ஒரு வார்த்த சொல்லோணும்"னா. வேண்டாம்னு சொல்லோணுங்கறதுதான் அவ சொல்லாமச் சொன்னது. எனக்கு அந்த வார்த்த வாய்ல வராது. செட்டிபாளையத்துல வண்டிச் சத்தம் கேட்டாப் பால் கறக்கறதப் பாதியில உட்டுட்டு ஓடற ஆளு நானு. அதனால வாங்கு சாமி, தாராளமா வாங்கு. நாஞ் சொல்றதக் கேட்டு வாங்குனா உனக்கு லாபம். கேக்காட்டி எனக்கு லாபம். கடேசில வண்டியக் கட்டி இழுத்துட்டு நம்ம சாளைக்குத்தான் வரப்போறாய், கூலிய அப்பப் பேசிக்கலாம்.

நீ எழுதிக் கொண்டாந்த லிஸ்ட்டு நெம்ப ஜோரா இருந்துது. எந்த வண்டிக்கு எத்தன குதிரை, நூறு கிலோமீட்டர் வேகம் புடிக்க எத்தன செகண்டு, எல்லாம் கரெக்ட்டா எழுதியிருந்தாய். எந்த கிளாஸ்ல ஓட்டப்போறாய்னு மட்டும் எழுதல. சும்மா ட்ராக் டேக்குப் போயி நாலு சுத்து சுத்தீட்டு வர்றதா, இல்ல மோட்டார் ரேஸ் சங்கமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.கிட்ட லைசென்ஸ் எடுத்துப் போட்டியில நிக்கறதா? போட்டின்னா ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு ரூல் புஸ்தகம் இருக்குது. இஞ்சினுல எதத் தொடலாம், எதத் தொடக் கூடாது, எத்தன எடை இருக்கோணும், எல்லாம் அதுல போட்டிருக்கும். அதப் படிச்சுட்டுக் காரு தேடோணும். காரு வாங்கி, ரெண்டு லச்சத்துக்கு டர்போவ மாத்திப்போட்டு, அப்பறம் புஸ்தகத்தப் பிரிச்சா, "இது ஆகாது"ன்னு மொதப் பக்கத்துலயே இருக்கும். அந்தக் கூத்தப் பாக்க நான் டிக்கெட் எடுத்துட்டே வருவேன்.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். மொதல்ல போலோ ஜி.டி. நல்ல வண்டி, இல்லீங்கல. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரை. ஆனா அதுல ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி மட்டுந்தான் வரும். ரெண்டு கிளட்ச்சு, ரெண்டும் எண்ணெயில நனையாத உலர் கிளட்ச்சு. வெயில் காலத்துல பத்து ரவுண்டு வெரட்டுனா சூடேறி, தன்னக் காப்பாத்திக்கறதுக்கு அது வேகத்தக் கொறச்சுக்கும். பெட்டியோட மூளை போச்சுன்னா பில்லப் பாத்து உனக்கு மூளை போயிரும். 2020-ல 1.0 லிட்டர் டர்போவ ஆறு கியர் மேனுவலோட விட்டாங்க, 110 குதிரை. ஆசை தீரலைன்னா அதத் தேடு. 2022-லயே போலோவ நிறுத்தீட்டாங்க, அதனால நல்லது ஒண்ணு கெடைக்கறதே பெரும்பாடு.

அடுத்தது அபார்த் புன்டோ. 1.4 டர்போ, 145 குதிரை. 2015-ல வந்தப்ப என்ற வாயிலயும் ஈ போச்சு. ஆனா ஃபியட்டு இந்தியாவுல காரு விக்கறதையே உட்டுட்டுப் போயாச்சு. ஒரு ஹெட்லைட்டுக்கு வாட்ஸ்அப் குரூப்புல பத்து நாள் கெஞ்சோணும். ட்ராக்குல ஹெட்லைட் ஒடையாதுன்னு உனக்கு எவனாவது சத்தியம் பண்ணியிருக்கறானா?

ஐ20 என் லைன், ஆல்ட்ராஸ் ரேஸர், ரெண்டுமே 120 குதிரை, ரெண்டுலயும் ஆறு கியர் மேனுவல் இருக்குது. அத ஏன் கொற சொல்லோணும்? ஆனா ரெண்டையும் நீ தவணையில வாங்கறதாக் கணக்குப் போட்டிருக்கறாய். தவணை முடியற வரைக்கும் பாதி வண்டி பேங்குக்காரனுது. டயர் அடுக்குல கொண்டுபோயி மோதுனாப் பாதி நசுங்கறது அவன் சொத்து. போனாப் போகட்டும்னு தொடச்சுட்டு வர்ற வெலைக்கு வாங்குனாத்தான் அது ட்ராக் வண்டி. அந்த வெலையத் தாண்டுனா பிரேக் புடிக்க வேண்டிய எடத்துக்கு அம்பது மீட்டர் முன்னாலயே உன்ற காலு தானா பிரேக்குக்குப் போயிரும். அப்பறம் 120 குதிரை எதுக்கு, தேர் இழுக்கவா?

குதிரை குதிரைன்னு நீ சொல்றதக் கேட்டா எனக்கு டால்ஃபின் ஞாபகம்தான் வருது. பெங்களூர்ல சிபானின்னு ஒரு கம்பெனி, 80-கள்ல போட்ட வண்டி. இங்கிலாந்து ரிலையன்ட் கிட்டன்ங்கற வண்டிய வெச்சுச் செஞ்சது. 848 சி.சி., ரெண்டே கதவு, உடம்பு பூராவும் ஃபைபர். ரோட்டுல பாத்தவிய சிரிச்சாங்க. ராலியிலயும் ரேஸுலயும் பாத்தவிய சிரிப்ப நிறுத்தீட்டாங்க. எடையில்லாத வண்டி சீக்கிரம் கெளம்பும், சீக்கிரம் நிக்கும், டயரக் கொல்லாமத் திரும்பும். நம்ம கோயமுத்தூர் கரிவரதன் மாருதி 800-ஓட 796 சி.சி. மூணு சிலிண்டர் இஞ்சின வெச்சு ஃபார்முலா மாருதின்னு ஒத்தையாள் வண்டி கட்டுனாரு. நரேன் கார்த்திகேயன் ஆரம்பிச்சது அந்த வண்டியிலதான், அப்பறம் 2005-ல ஃபார்முலா ஒன் வரைக்கும் போனாரு. கரிவரதன் 1995-லயே போயிச் சேந்துட்டாரு. செட்டிபாளையத்து ட்ராக்குக்கு அவரு பேருதான் வெச்சிருக்குது. 2.1 கிலோமீட்டர்தான் அது. அங்க உன்ற 145 குதிரையும் காலு நீட்டறதுக்குள்ள அடுத்த வளைவு வந்து நிக்கும். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கு 3.717 கிலோமீட்டர், அங்க வேணாக் கொஞ்சம் நீட்டலாம்.

அப்ப எதத்தான் வாங்கறதுங்கறயா? 2005-ல இருந்து 2010 வரைக்கும் வந்த பழைய ஸ்விஃப்ட்டு, 1.3 பெட்ரோலு. 87 குதிரை, ஆயிரம் கிலோ சுத்தி எடை. மூஞ்சியச் சுளிக்காதே. எஸ்டீம், ஜிப்ஸி, இந்த ஸ்விஃப்ட்டு, மூணுக்கும் ஒரே குடும்பத்து இஞ்சின். வாழ்நாள் பூரா இந்த நாட்டு ரேஸுக்காரங்க கழட்டி மாட்டிப் பழகுன சாமான் அது. ஃபார்முலா 4 வண்டிகள்லகூட மாருதி 1.3 தான் ஓடுச்சு. பிஸ்டன், கேஸ்கெட், கியர் பெட்டி, எது போனாலும் உக்கடத்துப் பழைய சாமான் கடையிலயே தேடலாம். டர்போ இல்ல, அதனால கம்ப்யூட்டர்ல மேப்பு மாத்துனா ஒரே நாள்ல முப்பது குதிரை ஏறற மாயமும் இல்ல. மாயமில்லாத வண்டியிலதான் ஓட்டக் கத்துக்க முடியும்.

இப்ப உன்ற மூளையில ஒரு பல்பு எரியுது, எனக்குத் தெரியுது. "மாமன் சாளையில ஒரு செவப்பு ஸ்விஃப்ட்டு நிக்குதே, அதத் தள்ளிவிடத்தான் இந்தப் பேச்சா?" ஆமா, நிக்குது. அதனால என்ன? எள்ளு விக்கறவன் எண்ணெய் நல்லதுன்னு சொன்னாப் பொய்யாயிருமா? நீ வேற எங்கயாவது போயிப் பாத்துட்டே வா, எனக்கொண்ணும் வருத்தமில்ல.

வேற எங்கயாவது பாத்தயின்னா, கண்ணபுரஞ் சந்தையில மாடு புடிக்கற மாதிரி பாரு. கொம்புச் சாயத்தப் பாத்து எவனும் காளை வாங்கறதில்ல, பல்லயும் கொளம்பையும் பாப்பான். பெயின்ட்டப் பாக்காதே. பானெட்டத் தூக்கி ஸ்ட்ரட்டு மேல உக்காந்திருக்கற எடத்தச் சுத்தி வெல்டிங் தெரியுதான்னு பாரு. டிக்கியில ஸ்டெப்னிய எடுத்துட்டு அடித்தகட்டுல துரு, மடிப்பு இருக்குதான்னு பாரு. அந்த இஞ்சினுக்கு டைமிங் பெல்ட்டு, எப்ப மாத்துனாங்கன்னு கேளு. "மாத்துனாங்கண்ணா"ன்னு வாயில சொன்னாப் பத்தாது, பில்லு கேளு. ஏ.சி. வேல செய்யலைன்னாச் சந்தோசப்படு. வெலையக் கொறைக்கலாம், எப்படியும் கழட்டிப் போடப்போறதுதான்.

கழட்டறதப் பத்திச் சொல்லோணும். பின் சீட்டு, கார்ப்பெட்டு, கதவுப் பலகை, ஸ்பீக்கரு, ஸ்டெப்னி, ஏ.சி. எல்லாங் கழட்டுனா நூறு கிலோ வரைக்கும் பாக்கலாம். 87 குதிரைய அதே குதிரையா வெச்சுட்டே 97 குதிரை வண்டியாட்டக் கெளம்பும், அதுவும் ஸ்பேனர் செலவுல. ரோல் கேஜ்ங்கற கம்பிக் கூண்டு போட்டா அந்த எடையில ஒரு பங்கு திரும்ப ஏறும், ஆனாக் கேஜுல கஞ்சத்தனம் பாக்காதே. அப்பறம் இன்னொண்ணு. நீ இப்ப தொண்ணூத்தி நாலு கிலோ இருக்கறாய். சீட்டக் கழட்டறதுக்கு முன்னால ராத்திரிப் பரோட்டாவக் கழட்டு.

மிச்சமிருக்கற காச எதுல போடறது? நீ சைலன்சர்னு சொல்லப்போறாய். சைலன்சர் மாத்துனா வண்டி வேகமாப் போகாது, வேகமாப் போறாப்புல கேக்கும். மொதக் காசு பிரேக்குக்கு. ஏனாக்க, ரோட்டுல நீ புடிக்கற பிரேக்கு வேற, ட்ராக்குல ஒவ்வொரு ஸ்ட்ரெயிட்டு முடிவுலயும் நெஞ்சு பெல்ட்டுல முட்ட மிதிக்கற பிரேக்கு வேற. பிரேக் ஆயிலு காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சுட்டே இருக்கும். புது டாட் 4 ஆயிலு 230 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கோணும். ஈரங் குடிச்ச ஆயிலு 155-லயே கொதிக்கலாம். கொதிச்சா உள்ள ஆவி. எண்ணெய அமுக்க முடியாது, ஆவிய அமுக்கலாம். அதனால நாலஞ்சு ரவுண்டு கழிச்சுப் பெடல் மெத்துன்னு தரைவரைக்கும் போகும், வண்டி நேரா வயக்காட்டுக்குப் போகும். இதுக்கு வைத்தியம் நெம்பச் செலவில்ல. நல்ல பேடு, புது ஆயிலு, காத்தில்லாம ப்ளீட் பண்றது. இது மூணையும் செய்யாத பயதான் பெரிய டிஸ்க்கு தேடி அலைவான்.

கடேசி ரவுண்ட பிரேக் தொடாம மெதுவா ஓட்டி ஆறவிட்டு உள்ள வா. வந்து நின்னதும் பழக்கதோசத்துல ஹேண்ட் பிரேக்க இழுத்துராதே. பின்னால டிரம் பழுக்கக் காஞ்சிருக்கும், புடிச்ச வாக்குலயே கோணிக்கும். கியருல போட்டு டயருக்கு ஒரு கல்லு வை. பக்கத்துல எவனாவது கல்லப் பாத்துச் சிரிச்சான்னா அவன் வண்டி மறுக்கா வெளிய வருதான்னு பாரு.

ரெண்டாவது காசு டயருக்கு. காலையில முப்பது காத்து வெச்சா, சூடேறுனா ஆறேழு கூடும். கொஞ்சம் கொறச்சு வெச்சுட்டுப் போயி, சூட்டோட திரும்ப அளந்து பாரு. முன் டயருல வெளி ஓரம் மட்டும் கரைஞ்சா கேம்பர், அதாவது சக்கரத்தோட உள்சாய்வு, பத்தலைன்னு அர்த்தம். மூணாவது காசு சீட்டுக்கும் ஆறு முனை பெல்ட்டுக்கும். ஸ்டீயரிங்கப் புடிச்சுத் தொங்கீட்டு ஓட்டறவனுக்கு டயரு பேசறது எங்க கேக்கும்?

நாலாவதா விங்கு வேணுமாமா. முன் சக்கரம் இழுக்கற வண்டிக்குப் பின்னால பலகை வெச்சுப் பின்பக்கத்த அமுக்குனா முன்பக்கம் திரும்ப மாட்டேங்கும். ஏற்கெனவே திரும்ப மாட்டேங்கறதுதான் அதோட நோக்காடு. வளைவுக்குள்ள ஆக்ஸிலேட்டர மிதிச்சா உள்சக்கரம் எடையில்லாமச் சும்மா சுத்திப் பொகை விடும், வண்டி நவுராது. அதுக்கு எல்.எஸ்.டி.ன்னு ஒரு டிஃபரன்ஷியல் இருக்குது, வெலை ஜாஸ்தி. காசில்லாத வைத்தியம், பொறுமையாக் காத்திருந்து ஸ்டீயரிங் நேராகறப்ப மிதிக்கறது. இன்னொண்ணு, வளைவுக்குள்ள பயந்து சட்டுன்னு கால எடுத்துராதே. எடை முன்னால வந்து பின்பக்கம் சுத்திக்கும். 2010-ல போலோ கப்பு நடத்துனாங்க, டீசல் வண்டி, எல்லாருக்கும் ஒரே மாதிரி. அப்பவும் ஒருத்தன் மொதல்ல வந்தான், ஒருத்தன் கடேசில வந்தான். கடேசில வந்தவன் எந்தக் கம்பெனி விங்கக் கொற சொல்லியிருப்பான்?

ராத்திரி அவினாசி ரோட்டுல டெஸ்ட் பண்றேன்னு கெளம்பிராதே. கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தி ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லீருச்சு, மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு. இன்ஷூரன்ஸ் பாலிசியப் படிச்சுப் பாரு, ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் காசு இல்லீன்னு போட்டிருக்கும். கேஜ் போட்ட வண்டிய ஹெல்மெட் இல்லாம ரோட்டுல ஓட்டுனா, சின்ன மோதலுக்கே மண்டை கம்பியில போயி அடிக்கும். பதினஞ்சு வருசந் தாண்டுன வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுலயும் காட்டோணும். சீட்டில்லாத காரக் காட்டுனா அங்க இருக்கறவிய சிரிக்கக்கூட மாட்டாங்க. ட்ராக்குக்குன்னா ட்ராக்குக்கு மட்டுந்தான்.

செவப்பு ஸ்விஃப்ட்டுக்கு வெலை கேட்டாய்னாச் சொல்றேன். வெளியாளுக்கு ஒரு வெலை, உனக்கு அதவிட அஞ்சாயிரம் ஜாஸ்தி. வெளியாளு வாங்கீட்டுப் போயிருவான், நீ வாரா வாரம் திரும்ப வருவாய். டைமிங் பெல்ட்டு போன வைகாசியில மாத்துனது, பில்லு இருக்குது. டோ ஹூக்கு நான் தர்றேன், ட்ரெய்லர் வாடகை உன்னுது.