சோபா இலவசம், சுமைகூலி உங்களுடையது

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

லண்டனில் நல்ல சோபாவை வாசலில் போட்டு ‘இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சீட்டு ஒட்டி வைக்கிறார்களாமே, அதில் மூட்டைப்பூச்சியா, இல்லை யாராவது அதன்மேல் செத்துக்கித்துப் போனார்களா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான சந்தேகம்தான். நம் பக்கத்தில் காசில்லாமல் ஒரு பொருள் கைமாறினால் அதன் பின்னால் செய்வினை இருக்கும், இல்லையென்றால் தேர்தல் இருக்கும். இங்கே நடப்பது வேறு கணக்கு. இந்த ஊரில் பழைய பொருளின் விலையை அதன் வயதும் தேய்மானமும் பாதிதான் முடிவு செய்கின்றன. மீதியை முடிவு செய்வது, அதை யார் தூக்குவது, எந்த வாசல் வழியாகத் தூக்குவது என்ற கேள்வி. நல்ல சோபா சும்மா கிடைப்பதும், உடைந்த சில்லறைச் சாமான் காசுக்கு விலைபோவதும் இந்த ஒரே கணக்கில்தான் வருகின்றன.

உடைந்த சாமான் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. இணையத்தில் பழைய பொருள் விற்கும் வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டதே அப்படி ஒன்றுதான். 1995-ல் அமெரிக்காவில் பியேர் ஒமித்யார் என்பவர் ஓர் ஏலத் தளம் தொடங்கினார். இன்றைக்கு அதன் பெயர் ஈபே. அதில் முதலில் விற்றது, கூட்டங்களில் திரையைச் சுட்டிக்காட்டும் லேசர் பேனா. எரியாத பேனா. எரியாது என்று சொல்லியே விற்றார். 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போனது. எதற்கும் ஒரு வாங்குகிறவன் உண்டு என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு: அந்தச் சாமான் ஓர் உறைக்குள் அடங்கியது. உடைந்த பீரோவாக இருந்திருந்தால் கம்பெனி அன்றைக்கே படுத்திருக்கும். 2008-ல் லிதுவேனியாவில் தொடங்கிய விண்டெட்டைப் பாருங்கள். பழைய துணிமணியை வைத்தே ஐரோப்பாவில் நாடு நாடாகப் பரவிவிட்டது. துணி மடியும், நசுங்கும், விழுந்தாலும் உடையாது. 2000-ல் லண்டனில் பிறந்த கம்ட்ரீ வேறு ரகம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திறங்கும் ஆட்களுக்கு அறையும் தட்டுமுட்டுச் சாமானும் தேடிக்கொடுக்க ஆரம்பித்தது. கட்டில் மடியாது. ஆகவே அங்கே மேசை, கட்டில், அலமாரி விளம்பரங்களின் அடியில் ‘நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்ற வரி, கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும்’ போல, தவறாமல் இருக்கும்.

தூரம்தான் செலவு என்று நாம் நினைப்போம். வத்தலக்குண்டுக்கு ஒரு விலை, மதுரைக்கு ஒரு விலை என்றே பழகியவர்கள். அந்த எண்ணத்தை இந்த நாட்டில் 1840-லேயே உடைத்துவிட்டார்கள். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று ரோலண்ட் ஹில் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கணக்குப்படி செலவெல்லாம் இரண்டு முனைகளில், ஆள் கைபடும் இடங்களில் இருந்தது. அதனால்தான் எவ்வளவு தூரமானாலும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு பென்னி என்று வந்தது. இன்றைக்கும் ராயல் மெயிலில் பக்கத்துத் தெருவுக்கும் ஷெட்லாண்டு தீவுக்கும் ஒரே கட்டணம். தூரத்தை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உருவத்தை உட்காரவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். 35.3 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம், 750 கிராம் எடை, இதற்குள் இருந்தால் ‘பெரிய கடிதம்’. கனம் ஒரு நூல் கூடினால் பார்சல். கட்டணம் ஒரே தாவாகத் தாவும். இதற்கென்றே நீளமாகத் துளை வெட்டிய பிளாஸ்டிக் தட்டு விற்கிறார்கள். சட்டை வைத்த உறையை அந்தத் துளையில் விட்டு இழுக்க வேண்டும். காலர் புடைத்துக்கொண்டு நின்றால், வெளியே எடுத்து, காலரைத் தட்டையாக்கி, உள்ளே இருக்கும் காற்றைப் பிதுக்கி, ஒட்டுநாடாவில் ஒரு சுற்றைக் குறைத்து, மறுபடி நுழைக்க வேண்டும். தனியார் கூரியர்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் எடையென்று வைத்துக்கொள்வார்கள்; அதுவும் நிஜ எடையும் எது கூடுதலோ அதற்குக் காசு. நம் காபிப்பழம் பறிக்கும் கூடை ஒன்று, 50-க்கு 50, உயரம் 40 என்று வையுங்கள். வெறுங்கூடை 20 கிலோ! கூடைக்குள் இருக்கும் மலைக்காற்றையும் நிறுத்துக் காசு வாங்கிவிடுவார்கள்.

இந்தக் கணக்கில் சோபா எங்கே போய் நிற்கும் என்று நீங்களே சொல்லலாம். சரி, வண்டி வைத்துக்கொள்ளட்டுமே என்பீர்கள். வண்டிக்குப் பஞ்சமில்லை. திரும்பிப் போகும் காலி வண்டிகளில் இடம்பிடித்து ஏற்றிவிடும் இணையச் சேவைகளும் உண்டு. ஆனால் அந்தச் சேவைகளின் நிபந்தனைகளைப் படித்தால், மலிவான கட்டணத்துக்கு வாசற்படி வரைதான் என்று இருக்கும். நூறு மைல் நெடுஞ்சாலை பெரிய விஷயமில்லை. கடைசிப் பத்தடிதான் விஷயம். விக்டோரியா ராணி காலத்து வரிசை வீடுகளில் முன்கதவைத் திறந்ததும் ஆள் ஒருக்களித்துப் போகிற நடை, அதன் முடிவில் திரும்பும் படிக்கட்டு. அந்தத் திருப்பத்தில் சோபா மாட்டிக்கொள்வதைக் கணித மேதைகளே ஒரு புதிராக எடுத்துக்கொண்டார்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள நடை செங்கோணத்தில் திரும்பினால், அதில் தூக்காமல் நகர்த்திக்கொண்டு போகக்கூடிய மிகப் பெரிய சோபா எவ்வளவு பரப்பு இருக்கலாம் என்று 1966-ல் லியோ மோசர் கேட்டார். 1992-ல் ஜோசப் கெர்வர் பதினெட்டு கோடுகளால் ஆன ஒரு வடிவத்தைக் காட்டினார். பரப்பு சுமார் 2.2195 சதுர மீட்டர், உருவம் பழைய தொலைபேசி ரிசீவர். அதைவிடப் பெரியது கிடையாது என்பதற்குத் தென்கொரியாவின் ஜினியோன் பேக் 2024-ல் நிறுவல் வெளியிட்டார். 58 வருடம்! அதுவும் தரைமட்டத்துச் சோபாவுக்கு. படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், மேலே தொங்கும் விளக்கு எதையும் கணக்கில் சேர்க்கவில்லை.

பொருள் நகராது என்றால் விலை பூச்சியத்தோடு நிற்க வேண்டும் அல்லவா? அதற்கும் கீழே இறங்குகிறது. இங்கே தர்மக் கடைகள் நிறைய. பழைய சாமானை நன்கொடையாக வாங்கி விற்று, அந்தப் பணத்தில் நல்ல காரியம் செய்வார்கள். சிலர் வீட்டுக்கே வந்து சும்மா எடுத்துக்கொண்டும் போவார்கள். ஆனால் 1988-ஆம் ஆண்டின் தீத்தடுப்பு விதிப்படி, சோபாவில் நிரந்தரத் தீத்தடுப்பு லேபிள் இருக்க வேண்டும். குத்துகிறது, அசிங்கமாகத் தொங்குகிறது என்று யாரோ ஒருகாலத்தில் அதைக் கத்தரித்திருந்தால், சோபா தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் தர்மக் கடை தொடாது. குப்பையில் போடலாம் என்றால் பல நகரசபைகள் பெரிய சாமானை எடுக்கக் கட்டணம் கேட்கும். இதில் அடுத்த வேடிக்கை வருகிறது. தீப்பிடிக்காமலிருக்க அந்த நாளில் பஞ்சிலும் துணியிலும் சேர்த்த ரசாயனங்களில் சில, மண்ணில் மக்காத நஞ்சு என்று பிற்பாடு தெரிந்தது. ஆகவே அப்படிப்பட்ட இருக்கைகளைப் புதைக்கக் கூடாது, எரித்துத்தான் அழிக்க வேண்டும் என்று 2023-லிருந்து கறாராக நடைமுறைப்படுத்துகிறார்கள். எரியக் கூடாது என்று சட்டம் போட்டுச் செய்த சோபாவை எரித்தே தீர வேண்டும் என்று இன்னொரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர் ‘இலவசம்’ என்று சீட்டு எழுதும்போது அவர் தானம் செய்யவில்லை, சித்தப்பா. அகற்றும் செலவை நம் தலையில் ஏற்றிவிட்டு நன்றியும் வாங்கிக்கொள்கிறார்.

‘போடா, அவர்கள் பணக்காரர்கள், கொழுப்பெடுத்துத் தூக்கி எறிகிறார்கள்’ என்பீர்கள். அப்படியென்றால் அதே வீட்டில் உட்கார்ந்து சட்டைக் காலரைத் துளைக்குள் நுழைக்கப் போராடுகிறவர் யார்? தபாலில் இரண்டு பவுண்டு மிச்சம் பிடிக்கிறவர் வெறும் பெருந்தன்மையால் இருநூறு பவுண்டு சோபாவைத் தெருவில் வைக்க மாட்டார். இன்னொரு தடை கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது: பழைய பொருளில் விற்பவனுக்குத் தெரிந்த குறை வாங்குபவனுக்குத் தெரியாது, அந்த அவநம்பிக்கைதான் விலையைக் கீழே தள்ளுகிறது என்பது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்து இதை எழுதினார், பிறகு நோபல் பரிசும் வாங்கினார். மறுப்பதற்கில்லை. ஆனால் யார் முதலில் கையை நீட்டுவது, பணமா பொருளா என்ற சிக்கலுக்கு நம் தபால்துறை 1877-லேயே ஒரு வழி செய்துவிட்டது: வி.பி.பி. தபால்காரரிடம் காசைக் கொடுத்தால்தான் பொட்டலம் கைக்கு வரும். நம்பிக்கைக்கு வி.பி.பி. போதும், சோபாவுக்குப் போதாது. தவிர, அவநம்பிக்கைதான் காரணம் என்றால் கண்ணால் காணாத சட்டைதான் மலிவாகப் போக வேண்டும்; நேரில் வந்து உட்கார்ந்து, ஆட்டி, முகர்ந்து பார்க்கக் கூடிய சோபாவுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும். நடப்பது தலைகீழ்.

நம் ஊரில் இப்படி இல்லையே என்று கேட்டால், அதுதான் என் கட்சிக்குப் பலம். நம் பக்கத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு ஆள் வாசலுக்கே வந்தார். இன்றைக்கும் காயலான் கடைக்காரர் தராசோடு வருகிறார், எடை போடுகிறார், தானே தூக்குகிறார். அவர் தூக்குவதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. அவர்தான் நமக்குக் கொடுக்கிறார். அவருடைய உழைப்புக்கு நாம் வைத்திருக்கும் மதிப்பு அவ்வளவு குறைவு. இங்கே 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவருக்கு ஒரு மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 12.21 பவுண்டு ஆனது. சோபா தூக்க இரண்டு ஆள் வேண்டும், அந்தக் கூலிப்படியே ஒரு மணி நேரத்துக்கு 24.42, வண்டி வாடகையும் எண்ணெயும் தனி. கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டினார்கள். முதல் உலகப் போர்க்காலத்தில் வண்டிப்பாதை திறக்கும்வரை துரைசானிகளும் அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமானும் பெரியகுளம் பக்கத்துக் கூலிப்பாதையில் மனிதத் தோளிலும் தலையிலும்தான் ஏறின. அந்தத் தலைகளுக்குச் சரியான கூலி கொடுத்திருந்தால் பாதி பீரோக்கள் அடிவாரத்திலேயே நின்றிருக்கும். நம் எஸ்டேட்டுகளில் ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறிவிட்டது என்று நீங்களும் அலுத்துக்கொள்கிறீர்கள். ஏறட்டும், நம் மலையில் இருக்கும் பெரும்பாறையிலும் இலவசச் சோபா வரும்.

கடைசியாக, காபிப்பழத் தோலை உரிக்கும் நம் பழைய பல்பர் விஷயம். ஓ.எல்.எக்ஸில் படம் போட்டதும் சென்னைக்காரர் ஒருவர், கடையில் அலங்காரமாக வைக்க வேண்டும், ‘டெலிவரி உண்டா’ என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கொடுக்கும் விலை நல்ல விலைதான். செம்புத் தகட்டில் மொட்டு மொட்டாகப் புடைத்திருப்பது படத்தில் தெரிந்ததால் வந்த விலை. மதுரையிலிருந்து சென்னை 460 கிலோமீட்டர். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 2022 ஆகஸ்டிலிருந்து அரசு விரைவுப் பேருந்துகளிலேயே பார்சல் ஏற்றுகிறார்கள், லாரி பார்சல் ஆபீஸ்களும் இருக்கின்றன. மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கும் ஜீப்போ பஸ்ஸோ கிடைக்கும். கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு வரும் அந்த ஒற்றையடிச் சரிவுதான் கணக்கில் வராத இடம். ஆகவே விலையைப் பெரும்பாறை பஸ் ஸ்டாப்பில் வைத்துப் பேசுங்கள்: ரோடுவரை உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் அவர் பொறுப்பு. இரண்டு ஆளுக்குப் பேசும் கூலியை விலைக்குள் ஒளிக்காமல் தனியாகச் சொல்லிவிடுங்கள். சக்கரமும் கைப்பிடியும் கழன்று வருமா என்று இப்போதே பார்த்து, துருப்பிடித்த மரைகளுக்கு இரண்டு நாள் முன்பே மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள். சித்தியின் அம்மியை லண்டனுக்கு அனுப்பினால் நல்ல விலை போகுமே என்ற யோசனையை மட்டும் கைவிடுங்கள். விமானத்தில் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் விடுவார்கள், அம்மி ஒன்றே அதைத் தின்றுவிடும். குழவியைக் கைப்பையில் கொண்டுவருகிற ஆளை மதுரை விமான நிலையத்தில் உட்காரவைத்து விசாரிப்பார்கள்.

சித்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்