மணிக்குள் மணி உண்டா?

ஆய்வுப் பொருள்: 'மணி' என்னும் ஆண்பெயர். ஆய்வுக்களம்: எங்கள் தெருமுனை டீக்கடை. காலை ஏழு மணிக்கு அங்கே நின்று "மணீ!" என்று ஒரு குரல் கொடுத்தேன். டீ மாஸ்டர் திரும்பினார். ஆட்டோக்காரர் திரும்பினார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாயும் எழுந்து வாலாட்டியது. நான்காவது சான்றை ஒதுக்கிவிட்டேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பது பின்னால் வரும்.

பொருள் தருவதில் மணி கஞ்சத்தனம் காட்டாத சொல். நவமணி, நெல்மணி, பாசிமணி, கண்மணி, கோயில் மணி. நேரமும் அதுதான். இரண்டரை நாழிகைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அடித்து அறிவித்த மணியே அளவாகவும் ஆகிவிட்டது. இந்தியில் 'கண்டா' என்றாலும் இந்த இரண்டும்தான். ஆங்கிலேயரின் 'கிளாக்'கைத் தோண்டினாலும் அடியில் மணியைக் குறித்த லத்தீன் சொல்தான் கிடக்கிறது. காசையாவது விட்டோமா? 'மனி'க்கு மூன்று சுழி போட்டு மணிபர்ஸ், மணியார்டர் ஆக்கிக்கொண்டோம். தாசில்தார் கையில் இருந்த பேப்பர் தினமணி. 1934-இல் தொடங்கிய ஏடு. தினமணி என்றால் வடமொழியில் சூரியன். தினமும் அடிக்கிற மணி என்றுதான் நான் கல்லூரி போகும்வரை நினைத்திருந்தேன்.

இனி முதன்மைச் சிக்கல். மூவரிடமும் முழுப்பெயர் கேட்டேன். சுப்பிரமணி, பாலசுப்பிரமணி, சிவசுப்பிரமணியன். மதுரை மணி ஐயர், கவுண்டமணி, மணிரத்னம் ஆகியோரும் பிறப்பால் சுப்பிரமணியங்களே. இந்தச் சுப்பிரமணியத்தில் மணி இருக்கிறதா என்றால், இல்லை! மூலச்சொல் 'ஸுப்ரஹ்மண்ய'. அதை 'சு', 'ப்ரஹ்மண்ய' என்றுதான் பிரிக்க வேண்டும். 'ண்ய' என்ற கூட்டெழுத்து நம் வாய்க்கு வசப்படாது. புண்யத்தை இகரம் சேர்த்துப் புண்ணியம் ஆக்கியதுபோல் இங்கும் ஓர் இகரம் நுழைந்தது. பிறகு அம்மாக்கள் வாசலில் நின்று கூப்பிடும் வசதிக்காகப் பெயரைத் தப்பான இடத்தில் வெட்டினார்கள். 'ப்ரஹ்ம'வின் வாலும் 'ண்ய'வின் தலையும் ஒட்டிக்கொண்டு மணி ஆயின. ஆக, மணிரத்னத்தில் இரண்டு ரத்தினங்கள் மின்னுவதாகத் தோன்றினாலும், தந்தை பெயரில் வந்தது மட்டுமே அசல்; முன்னது இலக்கண விபத்து.

விதிவிலக்குகள் உண்டு. கி. வீரமணியின் மணி வெட்டி எடுத்ததல்ல. சாரங்கபாணி என்ற பெயரை மாற்றி முழுசாக வைத்தது.

முடிவுகளைத் தாசில்தாரிடம் சமர்ப்பித்தேன். ஆதாரில் 'யன்', ரேஷன் கார்டில் 'யம்', பென்ஷன் புத்தகத்தில் வெறும் 'மணி' என்று ஏற்கெனவே அலைந்து நொந்தவர். "இப்ப மணியும் இல்லேங்கிறியா தம்பி?" என்றார்.

அப்போதுதான் நான்காவது சான்று நினைவுக்கு வந்தது.

"அண்ணே, நாய்க்கு முழுப்பேர் என்ன?"

"முழுப்பேரா? மணிதான். குட்டியிலேர்ந்தே மணி."

எதிலிருந்தும் வெட்டாத பெயர். போதாததற்குக் கழுத்தில் சின்னதாக ஒரு வெண்கல மணி வேறு. ஆய்வு நெறிப்படி அதற்கு இரண்டு பொறை வாங்கிப் போட்டேன்.