ஆயிரமா, ஆயிரத்து இருநூறா?

அக்கா மகன் கார் வாங்கப் போகிறான். ஒரு மாதமாக என் உயிரையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறான். "மாமா, ஒன் லிட்டர் எஞ்சின் போதுமா, ஒன் பாயின்ட் டூ எடுத்துடட்டுமா?" அவன் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. தஞ்சாவூரில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொரடாச்சேரிக்குத் திரும்பும் வழியில், என்னுடைய பழைய 796 சிசி வண்டி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றது. எனக்கு முன்னால் இரண்டு பஸ், ஒரு ஜல்லி லாரி, ஒரு ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸ் கொஞ்ச நேரம் அலறிப் பார்த்துவிட்டு அதுவும் ஓய்ந்தது. மாப்பிள்ளை மடியில் விளக்கத்தாளை விரித்தான்.

"சின்னது 67 குதிரை மாமா. பெரிசு 90."

வேகன் ஆர் கணக்கு. 998 சிசியில் மூன்று சிலிண்டர், 1197 சிசியில் நான்கு. மைலேஜ் லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர், 23.56 கிலோமீட்டர். வித்தியாசம் முக்கால் கிலோமீட்டர் சொச்சம். அந்த முக்கால் கிலோமீட்டருக்குத்தான் பிள்ளை ஒரு மாதமாகத் தூங்காமல் கிடக்கிறான்.

இந்த மைலேஜை எங்கே அளந்தார்கள்? பரிசோதனைக் கூடத்தில். கார் உருளைமேல் நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும். ஏசி கிடையாது. 90-க்கு மேல் வேகம் கிடையாது. முக்கியமாக, நீடாமங்கலம் கேட் கிடையாது. இங்கே கொண்டுவந்து அளக்கட்டும்: சின்ன எஞ்சின் லிட்டருக்குப் பூஜ்யம், பெரிய எஞ்சினும் பூஜ்யம். இந்த நாட்டில் சமத்துவம் முழுசாக நிலைநாட்டப்பட்ட இடம் ஒன்றைக் காட்டு என்றால் நான் இந்தக் கேட்டைத்தான் காட்டுவேன்.

தஞ்சாவூர்–நாகப்பட்டினம் தேசிய நெடுஞ்சாலைக்குக் குறுக்கே ஊருக்கு நடுவில் தண்டவாளம் கிடக்கிறது. மூடிக்கிடந்த மன்னார்குடிப் பாதையும் 2011-இல் மறுபடி உயிர்பெற்றது, சந்தோஷம்தான். பயணிகள் வண்டி போதாதென்று, டெல்டா நெல்லைச் சரக்கு ரயிலில் ஏற்றி வெளிமாவட்டங்களுக்கு அரவைக்கு அனுப்புவதும் இந்த ஸ்டேஷனில்தான். பெட்டி கோக்க, கழற்ற, எஞ்சின் முன்னே போக, பின்னே வர, ஒவ்வொன்றுக்கும் கேட் இறங்கும். 67-ஆ 90-ஆ என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நாலாயிரம் குதிரைக்குக் குறையாத ஒரு எஞ்சின் எதிரே வந்து நின்று, எதையோ யோசித்து, வந்த வழியே திரும்பிப் போனது. மேம்பாலம் கேட்டு மனுக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைத் தூக்கிப் போன வண்டியும் இங்கே நின்றுதான் போயிருக்கும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் கையோடு ஒரு பாலம் கொண்டுவருகிறார். கேட் திறந்ததும் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

"அதென்ன மாமா 1197? முழுசா 1200 போட்டா குறைஞ்சா போயிடும்?"

நல்ல கேள்வி. அந்த மூன்று சிசியைக் குறைத்தவர் எஞ்சினியராக இருக்க முடியாது, ஆடிட்டராகத்தான் இருக்கும். 2006 பட்ஜெட்டில் சின்னக் காருக்கு இலக்கணம் எழுதினார்கள்: நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள். அன்றிலிருந்து எத்தனை கார்கள் பின்பக்கம் அறுபட்டு 3995 மில்லிமீட்டரில் பிறக்கின்றன என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜிஎஸ்டி 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. ஆயிரமும் ஆயிரத்து இருநூறும் ஒரே பக்கம். அரசாங்கத்துக்கே வித்தியாசம் தெரியாத இரண்டுக்கு நடுவில்தான் இவனுக்குத் தூக்கம் போனது.

சரி, சின்னதை எடுத்தே அந்த முக்கால் கிலோமீட்டரை, அதாவது மூன்று சதவீதத்தை, மிச்சம் பிடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பங்க்கில் சாதா பெட்ரோல் என்று கேட்டால் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய எஞ்சின் அமைப்புள்ள கார்களில் இதனால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக்கின் அறிக்கையே சொன்னது. புதுசாக இதற்கென்றே செய்த வண்டியிலும் ஒன்றிரண்டு சதவீதம் போகும். என்ன எஞ்சின் வேண்டும் என்று பல்லைக் காட்டிக் கேட்டவர்கள், என்ன பெட்ரோல் வேண்டும் என்று கேட்டார்களா? பெரிய எஞ்சின் திருடிவிடும் என்று நாம் பயந்த மைலேஜை, பங்க்கில் முறைப்படி ரசீது போட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த எத்தனால் எதிலிருந்து வருகிறது? கரும்பு, மக்காச்சோளம், அப்புறம் அரிசி. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 2024-25-க்கு 52 லட்சம் டன் அரிசியை எத்தனாலுக்கு ஒதுக்கினார்கள். விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. அதே ஆண்டு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை கிலோ 23 ரூபாய். இன்னொரு தடவை படியுங்கள். நெல் 23 ரூபாய், அரிசி இருபத்திரண்டரை ரூபாய்! நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசி என்பது அவர்களே வைத்திருக்கும் கணக்கு. உமியோடு இருக்கும்போது மதிப்பு, உரித்ததும் தள்ளுபடி. எங்கள் பக்கத்தில் கூலிக்கு நாற்று நடும் பெண்பிள்ளைகூட இப்படி ஒரு கணக்கைப் போட்டால் சிரித்துவிடுவாள்.

32 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் அதில் ஆறரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக எத்தனால். அவ்வளவும் அரிசியில் காய்ச்சியதென்றால் பதின்மூன்று, பதினாலு கிலோ அரிசி. உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு ஆளுக்கு மாதம் 5 கிலோ என்கிறது. ஆக, கார் ஒரே மூச்சில் குடிப்பது ஒரு ஏழையின் மூன்று மாதத்துக்குக் கிட்டத்தட்ட. அதற்குக் குடும்ப அட்டையும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம்.

இதே அரசாங்கத்திடம் நெல்லைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் மூட்டையை ஓரமாகப் போடு. 2025 அக்டோபரில் குறுவை அறுவடை நேரத்தில் மழை கொட்டியது. கொள்முதல் நிலைய வாசலில் வாங்காத நெல்லும் நனைந்தது, வாங்கிய நெல்லும் நனைந்தது. முளைவிடுவதில் இரண்டும் பாரபட்சம் காட்டவில்லை. 22 வரை தளர்த்துங்கள் என்று மாநிலம் கேட்க, மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்து, மாதிரி எடுத்துக்கொண்டு போனது. ஒரு போகம் முழுக்க உழைத்தவன் நெல்லில் ஐந்து சதவீத ஈரத்துக்கு டெல்லியிலிருந்து ஆள் வரவேண்டும். காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் எத்தனாலை என் வண்டியில் 20 சதவீதம் ஊற்ற யாரும் வரவேண்டியதில்லை, யாரும் என்னைக் கேட்கவேண்டியதுமில்லை. மாநிலமும் சும்மா பேசவேண்டாம். வருஷா வருஷம் ஐப்பசி வருமென்று தெரியாதா, கூரை போட?

"கடைசியா என்னதான் சொல்றீங்க மாமா?"

சின்னதையே எடுடா மாப்ள. டெல்டாவில் மலை ஏது? ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம்தான். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிற ஊரில் அதற்கும் குறைச்சலில்லை, ஆனால் அதை ஏற 67 குதிரை தாராளம். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் அறுவடை மெஷின் அசைந்து போகும். பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு யாரை முந்தப் போகிறாய்?

சரக்கு ரயில் கடைசியில் நகர்ந்தது. பெட்டி பெட்டியாக நெல். இது எத்தனாலுக்குப் போகிற நெல் இல்லை, அரவைக்குத்தான். அப்புறம் கிடங்குக்கு. அதற்கப்புறம் அந்த அரிசி வட்டிலுக்குப் போகுமா வண்டிக்குப் போகுமா என்று அதன் தலையில் எழுதியா இருக்கிறது?

ரயில் போயும் கேட் ஏறவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் ரோட்டை அடைத்து நேருக்கு நேர் நின்றன. கடலை விற்கிறவர் மட்டும் கூடையோடு கேட்டுக்கடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்து எங்கள் கண்ணாடியைத் தட்டினார்.

"எப்ப திறப்பாங்க அண்ணே?" என்றான் மாப்பிள்ளை.

"எஞ்சின் திரும்பி வரணும் தம்பி. ரெண்டு பொட்டலமா வாங்கிக்குங்க."