எடிசனுக்கு ஷாக்!

தாமஸ் ஆல்வா எடிசன் என்றால் நமக்கு பல்பு. பள்ளிக்கூடச் சுவரில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர், போட்டிக் கம்பெனியைக் கவிழ்க்க நாய்களுக்கு ஷாக் வைத்துப் பார்க்கத் தன் லேபையே திறந்துவிட்டவர் என்று எந்த வாத்தியார் சொன்னார்?

1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்தார் எடிசன். டி.சி. கரன்ட், சுமார் 110 வோல்ட். பக்கத்து வீடுகளில் பிரமாதமாக எரிந்தது. ஒரு மைல் தாண்டினால் பல்பு அழுது வடியும். தெருக்கோடி வீட்டுக்கு கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற அழகுதான்! அப்படியென்றால் மைலுக்கு ஒரு மின்நிலையம் கட்ட வேண்டுமே? கட்டட்டுமே. மெஷினை விற்பவரே அவர்தானே!

எதிரே வந்தார் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். ரயிலுக்கு ஏர் பிரேக் கண்டுபிடித்துப் பணக்காரரானவர். அவர் கையில் ஏ.சி. கரன்ட், கூடவே டிரான்ஸ்ஃபார்மர். வோல்டேஜை இரண்டு மடங்கு ஏற்றினால் அதே பவருக்குக் கரன்ட் பாதி போதும். கம்பி சூடாகி வீணாவது கால்வாசியாகிவிடும். தூரத்துக்கு ஏற்றி அனுப்பு, வீட்டு வாசலில் இறக்கிக்கொள். அந்தக் காலத்தில் டி.சி.யில் இந்த வித்தையைச் சுலபமாகச் செய்ய வழியே இல்லை. (டெஸ்லா ரசிகர்களே, பொறுங்கள். 1888-ல் தன் ஏ.சி. மோட்டார் பேடன்ட்டுகளோடு அவரும் இந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார். வாட்ஸ்அப்பில் மீதியைச் சொல்வார்கள்.)

கணக்கில் தோற்றவர்கள் என்ன செய்வார்கள்? பயமுறுத்துவார்கள். அதே 1888-ல், எடிசன் திறந்துவிட்ட லேபில் நாய்களைச் சோதித்த ஹரால்ட் பிரவுன் என்ற மின்சார ஆசாமி கொலம்பியா கல்லூரியில் ஆட்களைக் கூட்டி, ஒரு நாய்க்கு டி.சி. ஷாக் கொடுத்தார். துடித்தது, சாகவில்லை. அப்புறம் ஏ.சி. கொடுத்தார். செத்தது. ஆகவே ஏ.சி. எமன்! ஏற்கெனவே குற்றுயிராகக் கிடந்த நாயிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பிரவுன் அதோடு விடவில்லை. 'நான் டி.சி.யைத் தாங்குகிறேன், நீ ஏ.சி.யைத் தாங்கு, யார் முதலில் கதறுகிறார்கள் பார்ப்போம்' என்று வெஸ்டிங்ஹவுஸைச் சண்டைக்கே கூப்பிட்டார். பிசினஸ்மேன் மூளை உள்ளவர் அல்லவா? வெஸ்டிங்ஹவுஸ் போகவில்லை.

இன்னொரு கூத்து. கைதிகளை வலியில்லாமல் கொல்ல எது தோது என்று ஒரு பல் டாக்டர் எடிசனைக் கேட்டார் (பல் டாக்டருக்கு வலியைப் பற்றி இவ்வளவு கவலை!). எடிசனுக்கு மரண தண்டனையே பிடிக்காது. அதையும் சொல்லிவிட்டு, கூடவே ஒரு சிபாரிசும் செய்தார்: வெஸ்டிங்ஹவுஸின் மெஷின்! போட்டியாளருக்கு இப்படியொரு விளம்பரத்தை ஓசியில் எவரும் செய்ததில்லை. 1890-ல் முதல் மின்சார நாற்காலியும் அந்த மெஷினில்தான் ஓடியது. முதல் ஷாக்கில் ஆள் சாகவில்லை. பார்க்க வந்தவர்கள்தான் அரண்டுபோனார்கள்.

'எடிசன் யானையையும் கொன்றாராமே?' பாவம், அதை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள். டாப்ஸி யானை செத்தது 1903-ல். சண்டை முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவர் பெயரில் இருந்த கம்பெனி படம் பிடித்தது, அவ்வளவுதான்.

1892-ல் எடிசன் கம்பெனியை ஏ.சி. விற்கும் போட்டிக் கம்பெனியோடு சேர்த்துவிட்டார்கள். புதுப் பெயர் ஜெனரல் எலக்ட்ரிக். முன்னால் இருந்த 'எடிசன்' எங்கே? வெட்டிவிட்டார்கள். ஃபவுண்டரை ஓரங்கட்டுவது நம் ஸ்டார்ட்அப் காலத்துக் கண்டுபிடிப்பு என்றா நினைத்தீர்கள்? 1896-ல் நயாகரா மின்சாரம் ஏ.சி.யாகவே பஃபலோ நகரத்துக்குப் போனது. டி.சி. கதை முடிந்தது.

முடியவில்லை! 1954-ல் ஸ்வீடன், கோட்லாண்ட் தீவுக்குக் கடலடி கேபிளில் டி.சி. அனுப்பியது. நீளமான கடல் கேபிளில் ஏ.சி. விட்டால், கேபிளை நிரப்பி நிரப்பி வடிப்பதிலேயே கரன்ட் தீர்ந்துவிடும். தரையிலும் டி.சி.க்கு மவுசு. ஏ.சி. கிரிட்டில் எல்லா ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில் சுற்றியாக வேண்டும். ஒன்று தடுமாறினால் எல்லாருக்கும் தலைவலி. டி.சி. லைனுக்குத் தாளமே கிடையாது. எவ்வளவு பவர் போக வேண்டுமோ, அவ்வளவைக் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தே வைத்துக்கொள்ளலாம்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம்ம கரூர்ப் பக்கம் புகளூருக்கு வருவதும் டி.சி.தான். 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட். அப்படியென்றால் எடிசன்தான் ஜெயித்தாரா என்று கேட்காதீர்கள். ஹைவோல்டேஜுக்குச் சட்டம் போட்டுக் கடிவாளம் கட்டச் சொன்னவர் அவர். புகளூர் லைனின் இரண்டு முனையிலும் நிற்பது ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மர்.