நங்கூரம் சாப்பாட்டுக்குப் போகுமா?

கே: மஸ்கட் ரூவி ஆபீஸிலிருந்து சென்னைக் கிளைக்கு ஐ.பி. போனில் "ஹலோ" என்கிறேன். பதில் வராததால் இன்னொரு "ஹலோ". அதற்குள் அவர் பேசத் தொடங்கி, இரண்டு பேர் பேச்சும் முட்டிக்கொள்கிறது. கடல் தாண்டிப் போவதால்தானே?
– கணக்காளர், ரூவி

ப: கடல் மேல் பழி போடாதீர்கள். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு 150 மில்லிநொடிக்குள் போய்விட்டால் பெரும்பாலும் தாமதம் உறைக்காது. 400-ஐத் தாண்டவே கூடாது. இது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டரை 5 மில்லிநொடியில் கடக்கும். மஸ்கட்டிலிருந்து சென்னைக்குச் சுற்றி வளைத்து 5,000 கிலோமீட்டர் போனாலும் 25தான். மிச்சத்தை உங்கள் ரவுட்டரில் தேடுங்கள்.

கே: கடலுக்கடியில் கேபிள் அறுந்திருக்கும் என்கிறார் முதலாளி.
– அதே கணக்காளர்

ப: அறுவதுண்டு. 2008 பிப்ரவரி 1 அன்று அமீரகத்துக்கும் ஓமானுக்கும் நடுவே ஃபால்கன் கேபிள் அறுந்தது. ஆள் போய்ப் பார்த்தால், அங்கே கிடந்தது யாரோ கைவிட்ட 5 டன்னுக்கும் மேலான நங்கூரம். ஆனால் உங்கள் தொல்லை 11 மணிக்கு வந்து, 1 மணிக்குப் போய், 4 மணிக்குத் திரும்புகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நங்கூரத்துக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை கிடையாது. உங்கள் ஆபீஸுக்கு உண்டு.

கே: எங்களுடையது 2 எம்பிபிஎஸ் லீஸ் லைன். கிராப்பில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார் லைன் கொடுத்தவர். நம்பலாமா?
– கிளை மேலாளர், வாதி கபீர்

ப: அவரை நம்புங்கள், கிராப்பை நம்பாதீர்கள். அது 5 நிமிடச் சராசரி. சென்னைக்குப் போகும் பேக்கப் 20 நொடி லைனை அடைத்துக்கொண்டாலும் சராசரியில் 7 சதவீதம்கூட ஏறாது. போனில் இருப்பவர் மாட்டிக்கொள்வது அந்த 20 நொடியில்தான். 2 எம்பிபிஎஸ் லைன் நொடிக்கு 250 கிலோபைட் தள்ளும். ரவுட்டரில் 250 கிலோபைட் தேங்கி நின்றால், பின்னால் வருகிற பேச்சு முழுசாக ஒரு நொடி காத்துக் கிடக்கும். ஆபீஸ் திறந்ததும் சென்னை ரவுட்டருக்கு ஒரு பிங், கூட்ட நேரத்தில் இன்னொன்று போட்டுப் பாருங்கள். 45 மில்லிநொடி காட்டியது 700 ஆனால் நெரிசல். நாள் முழுக்க அசையாமல் 300 என்றால் வழி எங்கோ சுற்றுகிறது. அப்போது டிரேஸ்ரூட்டோடு போய் லைன் கொடுத்தவரிடம் சண்டை பிடிக்கலாம்.

கே: "க்யூஓஎஸ் போட்டாச்சு" என்கிறார் எங்கள் ஐ.டி. ஆள். ஒரு மாற்றமும் இல்லையே?
– நிர்வாகி, ஹம்ரியா

ப: சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை ரூவி ஹை ஸ்ட்ரீட்டில், ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் நின்றிருப்பீர்கள். உங்களுக்கு இரண்டு நிமிட வேலை. முன்னால் நிற்பவர் கையிலோ ரூம்காரர்கள் எட்டுப் பேர் பணம். குரலுக்குத் தனி கவுண்டர் திறப்பதுதான் க்யூஓஎஸ். ஆனால் வரிசை கடைக்கு உள்ளே இருந்தால்தானே தனி கவுண்டரால் பயன்? ரவுட்டரிலிருந்து லைன் கொடுத்தவரின் பெட்டிக்கு 100 எம்பிபிஎஸ், அதற்கு அப்பால் 2 என்றால் தேக்கம் அவர் பெட்டியில். உங்கள் விதி அங்கே செல்லாது. ரவுட்டரையே 1.9-க்கு மேல் அனுப்பாதபடி கட்டிவையுங்கள். வரிசை உங்கள் கைக்கு வந்துவிடும். பிறகு, போன்கள் பேச்சை, குரலுக்கு முன்னுரிமை கேட்கும் டிஎஸ்சிபி 46 குறியோடு அனுப்புகின்றனவா, நடுவில் ஏதாவது சுவிட்ச் அதை அழித்துவிடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சென்னை ரவுட்டரிலும் இதையே செய்யவேண்டும். இங்கே மட்டும் செய்தால் நீங்கள் சொல்வது அங்கே கேட்கும், அவர்கள் சொல்வது இங்கே வராது. (சில மேலாளர்களுக்கு இதுவே போதும்.)

கே: அந்த 2 எம்பிபிஎஸ் லைனில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம்?
– வாசகர், முத்ரா

ப: போனின் குரல் கோடெக் ஜி.711 என்றால் தலைப்புச் சுமையோடு ஒரு அழைப்புக்கு 80 கேபிபிஎஸ், ஜி.729 என்றால் 24. மூன்றில் ஒரு பங்கைக் குரலுக்கு ஒதுக்கினால் முதலாவதில் 8 பேர், இரண்டாவதில் 27 பேர் வரை. ஒன்பதாவது ஆளை உள்ளே விட்டால் அவருக்கு மட்டும் கெடாது, ஒன்பது பேருக்கும் கெடும். அவருக்கு பிஸி டோன் கொடுப்பதே மரியாதை.

கே: ஜிட்டர் பஃபரைக் கூட்டினேன். விட்டுவிட்டுக் கேட்பது நின்றது, தாமதம் கூடிவிட்டது!
– வாசகர், தார்சைத்

ப: முன்பின்னாக வரும் பேச்சைச் சற்றுப் பிடித்துவைத்துச் சீராக விடுவது அது. தாமதத்தை விலையாக வாங்கிக்கொண்டுதான் வேலை செய்யும்.

கே: ஊருக்கு வாட்ஸ்அப் கால் போகவில்லை. இதுவும் நெரிசலா?
– வாசகர், ரூவி

ப: நெரிசலாக இருக்காது. ஓமானின் விதி தடுக்கிறதா என்று பாருங்கள். தடுத்தால் எந்த ரவுட்டரைத் திருகினாலும் சரியாகாது.

கே: லைனை 4 எம்பிபிஎஸ் ஆக்கினால் தீருமா?
– வாதி கபீர் மேலாளரேதான்

ப: பேக்கப் 4-ஐயும் அடைத்துக்கொள்ளும். முதலில் அதை இரவுக்குத் தள்ளுங்கள், குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். அதன் பிறகும் பகல் முழுக்க லைன் நிரம்பி வழிந்தால் ரியாலை எடுங்கள். இனி எழுதுகிறவர்கள் காலை பிங், கூட்ட நேர பிங் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் வரும் கடிதங்களுக்கு இங்கே பதில் கிடையாது.