பார்ட்டிஷன் தம்பி

கண்டியில் நமக்குத் தெரிந்த எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு பார்ட்டிஷன் தம்பி உண்டு. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருப்பார். என்ன உறவு என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. லப்டொப் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது என்று வாயெடுத்தால் போதும், பென் டிரைவோடு வாசலில் நிற்பார். வைரஸ் பார்க்க வந்தவர் லினக்ஸ் போடாமல் திரும்பியதாக வரலாறு இல்லை.

விண்டோஸை அழிக்க மாட்டார். அவ்வளவு புரட்சி அவரிடம் இல்லை. "அது ஒரு பக்கம் இருக்கட்டும் அங்கிள், இது ஒரு பக்கம் இருக்கட்டும்" என்பார். பிறகு நடப்பது காணிப் பிரிப்புதான். சீ டிரைவின் வாலில் நூறு ஜீபீயைச் சுருக்கியெடுத்து, ரூட்டுக்கு இவ்வளவு, ஹோமுக்கு இவ்வளவு, ஸ்வாப்புக்கு இவ்வளவு என்று பேர்ச் கணக்கில் கூறுபோடுவார். பழைய எம்பிஆர் டிஸ்க் என்றால் கொண்டாட்டம். அதில் நான்கு பிரைமரிக்கு மேல் போட முடியாது. நான்கையும் கம்பனிக்காரன் முன்பே பிடித்துவைத்திருப்பான். ஒன்றைத் தூக்கிவிட்டு அந்த இடத்தை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் குட்டிக் குட்டியாகப் பிரிப்பதற்குள் பிளேன்டீ ஆறிவிடும். ஜீபீடி வந்து 128 வரை இடம் கொடுத்ததில் அவருக்கு உள்ளூர வருத்தம். நெருக்கடி இல்லாத இடத்தில் திறமைக்கு என்ன மரியாதை?

"பெக்கப் எடுத்தீங்களா அங்கிள்?" என்ற கேள்வி, ரீசைஸ் பொத்தானை அமுக்கிய பிறகுதான் வரும். நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று வீடே கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொள்ளும்.

ஃபெடோராவை அடிப்படையாக வைத்து, நம்மூர் மலைத்தொடரின் பெயரில் இலங்கையர்கள் ஹந்தான லினக்ஸ் செய்தபோது அவர் நடையே மாறிப்போனது. பேராதனை பஸ்ஸில் ஜன்னல் வழியே மலையைக் காட்டி, "நம்ம ஓஎஸ்" என்பார். பக்கத்து சீட்காரர் மரியாதையாகத் தலையாட்டுவார்.

வேலை முடிந்ததும் கறுப்புத் திரையில் க்ரப் பட்டியல் வரும். மேலே உபுண்டு, கீழே விண்டோஸ், தேர்ந்தெடுக்கப் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடிக்காகத்தான் இவ்வளவு பாடும். வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். நீங்கள் மெல்லக் கீழே இறங்கி விண்டோஸைத் தட்டுவீர்கள். அவர் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு நாளில் போன் போகும். "தம்பி, காலைல பத்து மணிக்கு நாலரைன்னு காட்டுதே!" லினக்ஸ் உள்மணியை உலகப் பொது நேரத்தில் எழுதிவைக்கும்; விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமென்று நம்பிவிடும். இடையில் தொலைவது நம்முடைய ஐந்தரை மணி நேரம். ஒரு வரிக் கட்டளையில் தீரும். ஆனால் "நேர்ல வந்துதான் பாக்கணும் அங்கிள்" என்பார். 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, உலகமெங்கும் இப்படி இரண்டையும் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. அந்த மாதம் ஒரு கல்யாண வீட்டிலும் அவரைக் காணவில்லை.

அவருடைய சொந்த லப்டொப்பில் நான்கு ஓஎஸ் இருக்கிறதாம். நேற்று வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப நம் வீட்டுக்கு வந்திருந்தார். "நம்ம மெஷின்ல ஒரு பார்ட்டிஷன் ஓடிக்கிட்டு இருக்கு அங்கிள்" என்று உட்கார்ந்தார். மரியாதைக்காக உபுண்டுவைத் திறக்கப் போனேன்.

"ஐயோ, விண்டோஸையே தட்டுங்க அங்கிள். அவசரம்!"